கழுவிப் பதப்படுத்திய எத்தியோப்பியக் காபி: பூமணம் கொட்டையிலேயே இருக்கிறதா, யாராவது தெளிக்கிறார்களா?

#1 மாடிப்படி

அடிஸ் அபாபா வழியாக வந்த அக்கா மகன் ஒரு பொட்டலம் காபிக்கொட்டை கொடுத்தான். உறையின் மேல் "யிர்காசெஃபே, வாஷ்ட், கிரேடு 1, ஹெய்ர்லூம், 1,950–2,100 மீட்டர்" என்று அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே சுவைக்குறிப்பு: மல்லிகை, பெர்கமோட், எலுமிச்சை, ஆப்ரிகாட், கறுப்புத் தேநீர். இத்தனையும் எழுதியவர்கள் காபி என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

வழக்கமான ஏமாற்று வேலை என்று நினைத்துத்தான் அரைத்தேன். அரைத்த நொடியில் கிளம்பியது உண்மையாகவே பூமணம். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "எசென்ஸ் தெளித்திருக்கிறார்கள்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கொட்டையின் நிறமும் நமக்குப் பழகியதாக இல்லை; வெளிர் பழுப்பு, மேலே எண்ணெய்ப் பளபளப்பு துளியும் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது இயற்கை மணம்தானா? "கழுவிய" காபி என்றால் அப்படி எதைக் கழுவுகிறார்கள்?

#2 டிகாக்ஷன்தாசன்

பூவை முடியில் வைக்கலாம், தேநீரைத் தேநீர்க்கடையில் குடிக்கலாம். காபி என்பது பீபெர்ரியும் பிளான்டேஷன் ஏ-வும் கலந்து, நூற்றுக்குப் பதினைந்து சிக்கரி சேர்த்து, பித்தளை பில்டரில் இரவே இறக்கி வைப்பது. மற்றதெல்லாம் வெந்நீர்க் கஷாயம். தங்கள் வீட்டார் தீர்ப்பை வழிமொழிகிறேன்.

#3 பச்சைக்கொட்டை

தாசன் அண்ணா கிண்டல் செய்துகொள்ளட்டும். நான் துபாயில் பச்சைக் காபிக்கொட்டை இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பவன். எசென்ஸ் எதுவும் இல்லை. அதைத் தெளித்த காபி வேறு வகை; பொட்டலத்தைத் திறந்ததுமே மூக்கில் அறையும், கோப்பை ஆறிய பிறகும் அதே ஒற்றை வாசனைதான் மிஞ்சும். நல்ல யிர்காசெஃபே அப்படி இருக்காது. கொதிநீர் ஊற்றியதும் மேலே எழுவது பூமணம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் நாக்கின் ஓரங்களில் எலுமிச்சைப் புளிப்பு தெரியும், கூடவே பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் இலேசான கசப்பும். முழுவதும் ஆறினால் தேன் கலந்த கறுப்புத் தேநீரின் பக்கம் நகரும். நாங்கள் கப்பிங் செய்யும்போது, அதாவது சுவைத்துத் தரம் பார்க்கும்போது, ஒரே கோப்பையைச் சூடாகவும் வெதுவெதுப்பாகவும் ஆறியும் திரும்பத் திரும்ப உறிஞ்சிப் பார்ப்பது இதற்காகத்தான். ஆறியபின் சப்பென்று போகும் காபிக்கு என்னிடம் மதிப்பெண் குறைவு.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். யிர்காசெஃபே என்பது தெற்கு எத்தியோப்பியாவில் கெடியோ மண்டலத்தில் உள்ள சிற்றூர். அதைச் சுற்றிய கொச்செரே, கெடெப், வெனாகோ வட்டாரங்களின் காபியும் அந்தப் பெயரிலேயே சந்தைக்கு வருகிறது. பெரிய எஸ்டேட் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெரும்பாலோருக்கு அரை ஹெக்டேர் அல்லது அதற்கும் குறைந்த வீட்டுத்தோட்டம்தான். மேலே பெருமரங்கள், நடுவில் வாழையைப் போலவே தோற்றம் தரும் என்செட், அதன் நிழலில் காபிச் செடி. என்செட் பழத்துக்காக வளர்ப்பதல்ல. அதன் தண்டையும் கிழங்கையும் நொதிக்க வைத்து உணவாக்குகிறார்கள். கெடியோவின் இந்த நிலக்காட்சியை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பறித்த பழத்தை அன்றைக்கே பக்கத்திலுள்ள கழுவும் நிலையத்துக்குக் கொண்டுபோய் எடை போட்டு விற்றுவிடுகிறார்கள். ஒரு நிலையத்துக்குப் பழம் கொடுக்கும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆகவே மாடிப்படி கையில் இருக்கும் பொட்டலம் ஒரு தோட்டத்தின் காபி அல்ல, ஒரு மலைச்சரிவின் காபி.

#4 மலைத்தோட்டம்

எதைக் கழுவுகிறார்கள் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபி உண்டு. வேலையின் அடிப்படை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

காபிப் பழத்தின் தோலைப் பல்பரில் உரித்தால் உள்ளே கொட்டை வழவழவென்று பிசினோடு இருக்கும். விரல் நுனியில் பிடித்தால் நழுவி ஓடும். அந்தப் பிசினைப் போக்குவதுதான் கழுவுதல். தொட்டியில் நொதிக்க விட்டால் பிசின் தானாக இளகும். எத்தியோப்பியத் தெற்கில் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில் வைத்து நொதிக்க விடுகிறார்கள். இரவில் அந்த உயரத்தில் நல்ல குளிர், ஆகையால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். பதம் வந்ததா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஒரு கை அள்ளி நீரில் அலசித் தேய்த்தால் பிசுபிசுப்பு போய், சொரசொரவென்று கூழாங்கல் உரசும் ஓசை கேட்கும். அந்த ஓசை வந்த பிறகும் தொட்டியில் விட்டுவைத்தால் புளித்த நாற்றம் ஏறிவிடும். அதை எந்த வறுவலும் மறைக்காது.

பிறகு நீண்ட வாய்க்காலில் தண்ணீரை ஓடவிட்டு, மரத்துடுப்புகளால் கொட்டையை மேல்நோக்கித் தள்ளித் தள்ளிக் கழுவுவார்கள். கனமான கொட்டை அடியில் தங்கும், இலேசானது மிதந்து போய்விடும். கழுவும் வேலையோடு தரம் பிரிக்கும் வேலையும் அங்கேயே முடிகிறது. அடுத்து நல்ல தண்ணீரில் மறுபடியும் ஊற வைத்து, அதன் பின் காயவைப்பு.

எனக்கு அவர்கள் மேல் பொறாமை வருவது காயவைப்பில்தான். நாங்கள் சிமென்ட் களத்தில் கொட்டிப் பரப்புகிறோம். அங்கே இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிய மேசைகள். மேலும் கீழும் காற்றோட்டம். முதலில் நிழலில் வைத்து, கொட்டை ஈரமாக இருக்கும்போதே பெண்கள் இருபுறமும் நின்று குறைக்கொட்டைகளைப் பொறுக்கிவிடுகிறார்கள். ஈரத்தில்தான் பூச்சி குத்தியதும் பல்பர் வெட்டியதும் கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் மேசையை மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மென்ட் தோல் வெடிக்கும். இரவிலும் மூடல். பத்துப் பதினைந்து நாளில் ஈரம் 11 சதவீதத்தை ஒட்டி வந்ததும் மூட்டை.

#5 கார்பன்வளையம்

பூமணத்துக்கு வேதியியல் பக்கத்திலிருந்து ஒரு சொல். லினலூல் என்று ஒரு சேர்மம் உண்டு. மல்லிகையில் இருக்கிறது, பெர்கமோட் தோல் எண்ணெயில் நிறைய இருக்கிறது, கறுப்புத் தேநீரின் நறுமணத்திலும் அதற்கு முக்கியப் பங்கு. நம் சமையலறைக் கொத்துமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். வறுத்த காபியிலும் இருக்கிறது, எத்தியோப்பியக் கொட்டைகளில் அது தூக்கலாகத் தெரிகிறது. எனவே "மல்லிகை, பெர்கமோட், கறுப்புத் தேநீர்" என்ற மூன்றும் எழுதியவரின் கவித்துவம் இல்லை. ஒரே குடும்பத்து மூலக்கூறுகளை மூக்கு மூன்று பெயரில் அடையாளம் காண்கிறது.

இவை எளிதில் ஆவியாகிறவை. கறுக்க வறுத்தால் பறந்துவிடும், மிஞ்சுவது புகையும் கருகலும். சிட்ரிக் அமிலமும் வறுவல் ஏற ஏறக் குறையும். எண்ணெய்ப் பளபளப்பு இல்லையே என்று மாடிப்படி கவலைப்பட்டார். இலேசாக வறுத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

#6 டிகாக்ஷன்தாசன்

சரி, ஒரு நேர்மையான கேள்வி. பிளான்டேஷன் ஏ என்பதும் கழுவிய அரபிகாதான். அதே பல்பர், அதே தொட்டி, அதே வாய்க்கால். ஐம்பது ஆண்டாகக் குடிக்கிறேன், ஒரு நாள்கூட அதில் மல்லிகை பூக்கவில்லையே? கழுவுவதால் வருகிற மணம் என்றால் எங்கள் காபிக்கு மட்டும் என்ன குறை?

#7 மலைத்தோட்டம்

அண்ணா, இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி.

கழுவுவதால் மணம் வருவதில்லை. விதையில் இருப்பது வெளியே தெரிய வழிவிடுகிறது, அவ்வளவுதான். விதையில் என்ன இருக்கிறது என்பது செடியின் வம்சத்தையும் மலையின் உயரத்தையும் பொறுத்தது. அரபிகாவின் தாய்வீடு எத்தியோப்பியா. தென்மேற்குக் காடுகளில் இன்றும் அது தானாக முளைத்து வளர்கிறது. அங்கிருந்து ஏமன் போய், ஏமனிலிருந்து உலகம் சுற்றியது ஒரு சிறு பிடி விதை மட்டும். லத்தீன் அமெரிக்காவின் டிபிகா, போர்பன் வகைகள் எல்லாம் அந்தச் சிறு பிடியின் பேரப்பிள்ளைகள். மரபணு வளத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

நம் பக்கம் எஸ்.795-லும் காட்டிமோர் வகைகளிலும் துருநோயைத் தாங்குவதற்காக வேற்றினக் கலப்பு உண்டு. நல்ல உடற்கட்டு, மசாலாச் சாயல், பாலில் கரையாத வலு. அது அதன் குணம், குறையே இல்லை. எத்தியோப்பிய இரத்தமும் நம்மிடம் கொஞ்சம் இருக்கிறது. நம் செலக்‌ஷன் 9, எத்தியோப்பியாவின் டஃபாரிகேலாவையும் ஹைப்ரிடோ டி டிமோர் என்ற கலப்பினத்தையும் சேர்த்து உருவாக்கியது. நல்ல உயரத்தில் விளைந்த செலக்‌ஷன் 9-ஐ இலேசாக வறுத்துப் பாலில்லாமல் குடித்துப் பாருங்கள். மல்லிகை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எலுமிச்சைச் சாயல் எட்டிப் பார்க்கும்.

பனாமாவின் கெய்ஷா வகைக் காபி ஏலத்தில் அந்த விலைக்குப் போகிறதே, அதன் விதையும் 1930-களில் எத்தியோப்பியக் காட்டில் சேகரித்ததுதான். கென்யா, தான்சானியா, கோஸ்டா ரிகா என்று அலைந்து பனாமா சேர்ந்தது. 2004-இல் எஸ்மெரால்டா தோட்டம் அதைத் தனியாகப் போட்டிக்கு வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

#8 வெயில்காய்ச்சி

கழுவிய காபிதான் "தூய்மை", மற்றது மறைப்பு என்ற தொனி இந்த இழையில் ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எத்தியோப்பியாவின் பழைய வழக்கம் பழத்தை அப்படியே வெயிலில் காயப்போடுவது. கழுவும் நிலையங்கள் அங்கே பரவியது 1970-களுக்குப் பிறகு, அதுவும் ஏற்றுமதிச் சந்தைக்காக. இன்றும் விளைச்சலின் பெரும்பகுதி உலர்முறையில்தான் பதமாகிறது. ஹராரில் கழுவும் பேச்சே இல்லை. ப்ளூபெர்ரியும் திராட்சை ரசமும் மணக்கும் ஹரார் காபியைக் குடித்த ஒருவர், உலர்முறையை மறைப்பு என்று சொல்ல முடியாது.

அடுத்து, நீருக்கடியில் இரண்டு நாள் ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலை செய்தபின் ஊறவும் வைக்கிறார்கள். அது மட்டும் விதையைத் தொடாமல் விட்டுவிடுமா? அதுவும் ஒரு சுவையைச் சேர்க்கிறது. பழகிவிட்டதால் நமக்கு அது வெறுமையாகத் தெரிகிறது. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யாரும் பேசவில்லை. பிசின் கலந்த கழிவுநீரால் ஓடைகள் கெடுவது அந்த வட்டாரங்களில் உண்மையான பிரச்சினை. உறைமேல் மல்லிகை அச்சிடுகிறவர்கள் அதை அச்சிடுவதில்லை.

#9 பச்சைக்கொட்டை

கழிவுநீர் விஷயத்தில் வெயில்காய்ச்சி சொல்வது முழுக்கச் சரி. தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் பல்பர்களும் தேக்கக் குட்டைகளும் வந்திருக்கின்றன, எல்லா நிலையத்திலும் இல்லை.

கழுவுதல் நடுநிலையானதல்ல என்பதையும் ஏற்கிறேன். ஆனால் என் மேசையில் நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். ஒரே நிலையத்தின் ஒரே பருவத்துப் பழம், பாதி கழுவியது, பாதி உலர்த்தியது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடிக்கிறோம். உலர்த்தியதில் பழச்சுவை முன்னே வந்து நிற்கிறது, அது பழம் நொதித்ததால் பிறக்கும் எஸ்டர் என்ற மணச் சேர்மங்களின் வேலை. நல்லதாக இருந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் நல்ல உலர்முறைக் காபிகள் பல நாடுகளிலிருந்தும் வருகின்றன, கண்ணைக் கட்டிக் கொடுத்தால் இன்ன நாடு என்று சொல்லத் தடுமாறுவேன். கழுவிய யிர்காசெஃபேயில் அந்தத் தடுமாற்றம் எனக்கு அரிது.

இப்போது "ஹெய்ர்லூம்", அதாவது பரம்பரை வகை. அந்தச் சொல் உறையில் இருந்தால், வகை என்னவென்று விற்பவர் விசாரிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கெடியோ விவசாயியைக் கேட்டால் குருமே, தேகா, வொலிஷோ என்று தன் செடிகளைப் பிரித்துச் சொல்வார். குருமேவின் கொட்டை மிகச் சிறியது. இவற்றோடு ஆராய்ச்சி மையத்து வகைகளும் இருக்கும். காபிப் பழநோய் 1971-இல் எத்தியோப்பியாவில் தென்பட்டதும், ஜிம்மா வேளாண் ஆராய்ச்சி மையம் காடுகளிலிருந்து நோய் தாங்கும் தாய்ச்செடிகளைத் தேடிப் பொறுக்கியது. 74110, 74112 என்று உறைகளில் இப்போது பார்க்கிறீர்களே, முன்னால் இருக்கும் 74 அந்தத் தேர்வு நடந்த ஆண்டு. அவை ஆய்வகத்தில் பிறந்தவை அல்ல, காட்டுச்செடியின் நேர் வாரிசுகள். பூமணம் அவற்றிலும் குறைவில்லை.

ஊர்ப்பெயர் விவகாரம் இன்னும் சுவாரசியம். 2008-இல் எத்தியோப்பியப் பண்டகச் சந்தை தொடங்கிய பிறகு, கூட்டுறவு ஒன்றியங்களும் சொந்தத் தோட்டக்காரர்களும் நீங்கலாக, ஏறக்குறைய எல்லாக் காபியும் அதன் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே மூட்டைகள் வட்டாரம், தரம் என்று வகுக்கப்பட்டு ஒன்றாகிவிடும். எந்த நிலையத்துப் பழம் என்ற அடையாளம் அதோடு போய்விட்டது. விவசாயிக்கு விலை தெரிந்தது, பணம் உடனே வந்தது, அது நல்ல மாற்றம்தான். வாங்குகிறவனுக்கோ போன ஆண்டு குடித்ததை மறுபடி தேடிப் பிடிக்க வழியில்லை. 2017 சீர்திருத்தத்துக்குப் பிறகு நிலையத்தார் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடிகிறது. இப்போது உறையில் நிலையத்தின் பெயரும் கிராமத்தின் பெயரும் வருவது அதனால்தான். கிராமப்பெயர் இல்லாமல் வெறும் "யிர்காசெஃபே" என்று இருந்தால், எனக்குப் பணம் கொடுக்கக் கை வராது.

அந்தப் பெயருக்கு எத்தியோப்பிய அரசு அமெரிக்காவரை போய்ச் சண்டை போட்டது. யிர்காசெஃபே, சிடாமோ, ஹரார் மூன்றுக்கும் 2005-இல் வணிகச்சின்னம் கேட்டு விண்ணப்பித்தார்கள், அமெரிக்கக் காபி வணிகர் சங்கம் எதிர்த்தது, 2007-இல் ஸ்டார்பக்ஸோடு உடன்பாடு ஏற்பட்டது.

#10 நெறியாளர்

ஸ்டார்பக்ஸ் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

#11 ஜிம்மா வாத்தியார்

தாமதமாக வருகிறேன். நான் ஜிம்மாவில் கல்லூரியில் பாடம் நடத்தியவன். அந்தக் காலத்தில் நம் ஊர் ஆசிரியர்கள் அங்கே நிறையப் பேர்.

நீங்கள் பேசும் இந்த மல்லிகைக் காபியை அங்கே வீடுகளில் நான் குடித்ததே இல்லை. ஏற்றுமதித் தரக் கொட்டையை உள்ளூரில் விற்கச் சட்டமே இடம் தராது. கழித்துக் கட்டியது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். ஆனாலும் விளைவதில் ஏறக்குறையப் பாதியை அந்த நாட்டு மக்களே குடித்துத் தீர்க்கிறார்கள். காபி விளையும் நாடுகளில் இப்படிப் பார்ப்பது அரிது.

வீட்டுப் பெண் தரையில் புல் பரப்பி, பச்சைக்கொட்டையைக் கழுவி, தட்டையான இரும்புச் சட்டியில் நம் எதிரிலேயே வறுப்பார். நன்றாகக் கறுக்கும்வரை வறுப்பார். புகையும் சட்டியை விருந்தினர் ஒவ்வொருவர் முன்பும் காட்டுவார், நாம் கையால் புகையை முகத்துக்கு இழுத்து முகர வேண்டும். உரலில் இடித்து, ஜெபெனா என்ற நீள்கழுத்து மண்குடுவையில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சிறு கோப்பைகளில் ஊற்றுவார். அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று. சிலர் கோப்பையில் தேனா ஆதாம் என்ற அருவதா இலைக்காம்பைப் போடுவார்கள். தொட்டுக்கொள்ள மக்காச்சோளப் பொரி. முதல் சுற்றோடு எழுந்தால் மரியாதைக் குறைவு.

கறுப்பும் கனமுமாகக் காபி வேண்டும் என்கிற தாசன் அவர்கள் அந்த வீடுகளில் எந்தச் சங்கடமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

#12 டிகாக்ஷன்தாசன்

வாத்தியார் ஐயா, வணக்கம். இத்தனை பதிவுக்கு நடுவில் என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தார். சர்க்கரை உண்டா அங்கே?

#13 ஜிம்மா வாத்தியார்

தாராளமாக உண்டு. சில வட்டாரங்களில் உப்பு, சில இடங்களில் வெண்ணெய்கூட. தங்கள் சிக்கரியைப் பற்றி அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்கத் துணியவில்லை.

#14 மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. எசென்ஸ் வழக்கு தள்ளுபடி என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். இப்போது வேறு சிக்கல். பில்டரில் இறக்கிப் பாலோடு குடித்தால் புளித்த மோர் வாசனை. பாலில்லாமல் குடித்தால் எலுமிச்சம்பழத்தோல் ஊறிய தண்ணீர். நீங்கள் சொல்லும் தேனும் ஆப்ரிகாட்டும் எங்கே ஒளிந்திருக்கின்றன?

#15 பச்சைக்கொட்டை

பில்டரை விடுங்கள். அதன் அடர்த்தியில் இந்தப் புளிப்பு தாங்காது. பாலின் புரதமும் கொழுப்பும் பூமணத்தை அமுக்கிவிட்டுப் புளிப்பை மட்டும் விட்டுவைக்கும். வி60 மாதிரி கூம்பும் காகித வடிகட்டியும் வாங்குங்கள், விலை அதிகமில்லை. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர். தண்ணீர் கொதித்து அடங்கிய உடனே ஊற்றலாம். இலேசாக வறுத்த கொட்டைக்கு 94, 95 டிகிரி வேண்டும். முதலில் கொஞ்சம் ஊற்றி அரை நிமிடம் விட்டு, மீதியை இரண்டு மூன்று தவணையாக. மூன்று, மூன்றரை நிமிடத்தில் வடிந்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எத்தியோப்பியக் கொட்டை சிறியது, கெட்டியானது, அரைக்கும்போது மாவுத்தூள் நிறைய விழும். அது காகிதத்தை அடைத்து, தண்ணீர் தேங்கி, கடைசியில் துவர்ப்பு இறங்கும். வேறு காபிக்கு அரைப்பதைவிட ஒரு படி கொரகொரப்பாக அரையுங்கள், ஊற்றும்போது அதிகம் கலக்காதீர்கள். புளிப்பு மட்டும் கூர்மையாக நின்று இனிப்பே இல்லையென்றால் நேர் எதிர், கொஞ்சம் நைசாக்க வேண்டும்.

#16 கார்பன்வளையம்

தண்ணீரையும் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுதி. அது அமிலத்தை நடுநிலையாக்கி இந்தக் காபியைச் சுண்ணாம்புத் தண்ணீர் ஆக்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ கனிமம் அற்றது, அதில் சுவை இறங்காமல் புளிப்பு மட்டும் குத்தும். மாடிப்படி சொல்லும் எலுமிச்சைத்தோல் எனக்கு ஆர்.ஓ. விவகாரமாகப் படுகிறது. முக்கால் பங்கு ஆர்.ஓ., கால் பங்கு குழாய்த்தண்ணீர் கலந்து முயலுங்கள்.

#17 வெயில்காய்ச்சி

பச்சைக்கொட்டைக்கு ஒரு கேள்வி. நான் உலர்முறைக் கட்சிதான், ஆனால் கழுவியதில் யிர்காசெஃபே தவிர வேறு எதை வாங்கினால் பணம் வீணாகாது?

#18 பச்சைக்கொட்டை

கட்சி மாற வாய்ப்பு தெரிகிறது! குஜியில் உராகா, ஹம்பெலா பக்கத்துக் கழுவிய காபியை எடுங்கள். முன்பு அதையும் சிடாமோ என்ற பொதுப்பெயரில்தான் விற்றார்கள். பூமணம் உண்டு, ஆனால் புளிப்பு யிர்காசெஃபே அளவுக்குக் கூராக இருக்காது, பீச் பழ இனிப்பு கூடுதல். சிடாமாவில் பென்சா வட்டாரம் இப்போது பலரும் தேடுவது. மேற்கே லிமு இன்னும் சாந்தமானது, புளிப்புக்குப் பயந்தவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். இதெல்லாம் பொதுவான போக்கு. நிலையத்துக்கு நிலையம் மாறும்.

தெற்கில் அறுவடை பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. கொட்டை உமி நீங்கி, தரம் பிரிந்து, ஜிபூட்டித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி வெளிநாடுகளுக்கு வந்து சேர ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். மார்ச்சில் "புதிய அறுவடை" என்று யாராவது கழுவிய யிர்காசெஃபே விற்றால் எந்த ஆண்டு என்று கேளுங்கள். பழைய கொட்டையில் முதலில் போவது பூமணம், அடுத்து எலுமிச்சை. பிறகு சாக்கு வாடைதான். வறுத்த தேதியிலிருந்து இரண்டு வாரம் பொறுத்துத் திறப்பது நல்லது, இலேசான வறுவலுக்கு அந்த ஓய்வு தேவை.

#19 மாடிப்படி

தண்ணீரைக் கலந்து, கொரகொரப்பாக அரைத்து இறக்கினேன். பச்சை ஆப்ரிகாட் எப்படி இருக்கும் என்று தெரியாது, உலர்ந்த ஆப்ரிகாட்டின் சுவை ஆறியபின் தெளிவாகத் தெரிந்தது. அம்மா அரைக் கோப்பை குடித்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, இனி காபி போடு" என்றார். குஜி துபாயில் எங்கே கிடைக்கும் என்பதைத் தனிமடலில் அனுப்புங்கள், அக்கா மகன் அடுத்த மாதம் அந்த வழியாகத்தான் வருகிறான்.